ரிம்மு பளபளன்னு இருக்கணும், பையன் கை எப்படிப் போனா என்ன?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. நீளமும் ஜாஸ்தி. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்சம் இருந்தா ஒரு டீயை எடுத்து வெச்சுக்கிட்டுப் படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா தாராளமா பின்னூட்டத்துல திட்டுங்க. வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க சாமி.

விஷயம் இதுதான். சைக்கிள் ரிம்முல காஞ்சு கிடக்குற பழைய டயர் பசையை எடுக்க பெட்ரோலும் தின்னரும் ஊத்துற பழக்கத்தை நாம நிறுத்தணும். "நாம"ன்னு நான் சொல்றது கடைக்காரங்களை இல்லை. சக்கரத்தைக் கொண்டு போய்க் கொடுத்து, "ஒரு மணி நேரத்துல வர்றேன், புதுசு மாதிரி இருக்கணும்ணே"ன்னு சொல்லிட்டு இட்லி சாப்பிடப் போறோமே, அந்த நம்மளைத்தான்.

பந்தய சைக்கிள் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்ம வீட்டு சைக்கிள்ல டயரு தனி, டியூபு தனி. டயரோட விளிம்பு ரிம்முக்குள்ள மாட்டி நிக்கும். பழைய பந்தய சைக்கிள்ல வர்ற டியூபுலர் டயர் வேற ஜாதி. டியூபை உள்ள வெச்சு டயரையே தைச்சிருப்பாங்க, பாக்க மலைப்பாம்பு மாதிரி உருண்டையா இருக்கும். அது ரிம்முல நிக்கிறதுக்கு முக்கியமான பிடிமானமே பசைதான். அந்தப் பசைக்கு ரிம் சிமெண்ட்டுன்னு பேரு. டயர் தேஞ்சதும் பிச்சு எடுத்துட்டுப் புதுசு ஒட்டணும். பிச்சு எடுத்த இடத்துல பழைய பசை திட்டுத் திட்டா நிக்கும். அங்கதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

வெளிநாட்டுப் பெரிய அணிகள் எல்லாம் கடந்த சில வருஷத்துல டியூபுலரை விட்டுட்டு டியூப்லெஸ்ஸுக்குப் போயிட்டாங்க. அதனால அவங்க கழிச்சுக் கட்டின சக்கரங்கள் செகண்ட் ஹேண்டுல மலிவா கிடைக்குது. நம்மாளு ஒருத்தர் ஆசையா வாங்குறார். பிரிச்சுப் பாத்தா, மூணு தலைமுறைப் பசை ரிம்முல கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடக்குது. உடனே "பெட்ரோலை ஊத்தித் தேய்ங்க பாஸ்"னு நாலு பேர் யோசனை சொல்றாங்க. அவராவது தேய்க்கிறாரா? அதுவும் இல்லை. கடைக்குக் கொண்டு போறார்.

அந்தக் கடை எங்க இருக்கு? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். சிங்கப்பெருமாள் கோயில் ரோடும் வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் வெட்டிக்கிற அந்த ஒரகடம் ஜங்ஷனைச் சுத்தி எத்தனை பஞ்சர் கடை! வாரம் பூரா அந்தக் கடைகளுக்குச் சோறு போடுறது லாரியும் பைக்கும், ஷிப்டுக்குப் போற வடநாட்டுத் தொழிலாளிங்களோட சைக்கிளும். ஞாயித்துக்கிழமை விடிகாலையில மட்டும் நம்ம ஆளுங்க லைக்ரா டவுசர் போட்டுக்கிட்டு வந்து இறங்குவோம். கடையில பதினெட்டு பத்தொன்பது வயசுல ஒரு பையன் இருப்பான். தண்ணி பாட்டில்ல பெட்ரோல் இருக்கும், மூடியில ஓட்டை போட்டிருக்கும். ஒரு கையில பனியன் வேஸ்ட்டு. இன்னொரு கை வெறுங்கை. சக்கரத்தை மடியில வெச்சுக்கிட்டுத் தேய்ப்பான் பாருங்க, முழங்கை வரைக்கும் வழியும். குனிஞ்ச மூக்கு ரிம்முக்கு அரை அடி தூரத்துல இருக்கும்.

இதுல இருக்குற கூத்து என்ன தெரியுமா? இந்த ஏரியாவே டயர் ஊரு. அப்போலோ டயர்ஸ் ஒரகடம் ஆலையை 2010-ல ஆரம்பிச்சாங்க. ஜேகே டயர் ஸ்ரீபெரும்புதூர்ல 2012-ல வந்துச்சு. சியட் 2020-ல வந்துச்சு. டயர் செய்யுற வேலையிலயும் ரப்பரோட ரப்பர் ஒட்ட கரைப்பான் தடவுற வேலை உண்டு. அதுக்குச் சட்டம் இருக்கு. 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டத்துல மூணாவது அட்டவணைன்னு ஒண்ணு. எந்தெந்த நோய் தொழிலாளிக்கு வந்தா அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்கணும்கிற பட்டியல் அது. பென்சீனும் அதோட சொந்தக்கார வேதிப்பொருள்களும் உண்டாக்குற விஷத்தன்மை அதுல பேர் போட்டு இருந்துச்சு. உள்ள எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நான் யாருக்கும் சர்டிபிகேட் கொடுக்க வரலை. கேக்குறதுக்கு ஒரு சட்டமாவது இருந்துச்சுன்னு சொல்றேன்.

பஞ்சர் கடைக்கு? மின்சாரம் வெச்சு வேலை நடந்தா 10 பேர், மின்சாரம் இல்லைன்னா 20 பேர் இருந்தாத்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. நம்ம கடையில இருக்குறது ஒண்ணரை ஆளு. 2020-ல போட்ட புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுல அந்த எண்ணிக்கை 20, 40-ன்னு ஏறிடுச்சு. அதாவது, காம்பவுண்டு சுவத்துக்கு உள்ள ஒரு டிரம்முல இருந்தா அபாயகரமான பொருள். அதுவே சுவத்துக்கு வெளிய தண்ணி பாட்டில்ல இருந்தா வெறும் "பெட்ரோல்". அந்தப் பையனுக்காகக் கேள்வி கேக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போறதில்லை. கேக்கணும்னா வாடிக்கையாளர்தான் கேக்கணும். நாம என்ன கேக்குறோம்? "இன்னும் கொஞ்சம் தேய்ப்பா, இங்க கருப்பாத் தெரியுது."

இப்போ வழக்கமா வர்ற பதில்களுக்கு வர்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நாங்க இருபது வருஷமாப் பண்றோம்."

ஆகும். பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. நம்ம நாட்டுல இப்போ விக்கிற பி.எஸ். 6 பெட்ரோல்ல 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விதியே அனுமதிக்குது. பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும்னு உலகத்துக்கு உறைக்க வெச்சவங்கள்ல ஒருத்தர் முசாபர் அக்சாய்னு ஒரு துருக்கி டாக்டர். 1970-கள்ல இஸ்தான்புல்ல அவர்கிட்ட வந்த நோயாளிங்க யாரு? பெரிய கெமிக்கல் ஃபேக்டரி ஆளுங்க இல்லை. பென்சீன் கலந்த பசையை வெச்சு சின்னச் சின்னக் கடையில செருப்பு, ஷூ ஒட்டினவங்க. காத்தோட்டம் இல்லாத சின்ன ரூமு, பசை டப்பா, வெறுங்கை. எங்கயோ பாத்த மாதிரி இல்லை?

பென்சீன் மட்டும் இல்லை, மொத்த பெட்ரோலையே மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு முதல் பிரிவுல சேத்துடுச்சு, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. அது நடந்தது 2025-ல. வண்டியில ஊத்தி ஓட்டத்தான் வேணும், வேற வழியில்லை. கையில ஊத்தித் தேய்க்க என்ன வேண்டுதலா?

"சரி, பெட்ரோல் வேணாம். தின்னர் போடலாம், சீக்கிரம் காஞ்சிடும்."

இந்த "சீக்கிரம் காஞ்சிடும்" இருக்கு பாருங்க, அதுதான் வில்லனே. பெயிண்ட் கடையில விக்கிற என்.சி. தின்னர்ல பெரும்பாலும் டொலுவீன் இருக்கும். தலைசுத்தல், தலைவலி, நாளாவட்டத்துல நரம்புக் கோளாறு எல்லாம் அதோட வரவு.

சீக்கிரம் காயுற இன்னொரு கரைப்பான் என்-ஹெக்சேன். 1960-கள்ல ஜப்பான்ல வீட்டுலயே செருப்பு ஒட்டிக் கொடுத்தவங்களுக்குக் கை கால் மரத்து, நடக்க முடியாமப் போச்சு. காரணம் பசையில இருந்த இந்த ஹெக்சேன். பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2009-ல சீனாவுல சூசோ நகரத்துல விண்டெக்னு ஒரு கம்பெனி, ஐபோன் தொடுதிரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலா ஹெக்சேனைப் போட்டுச்சு. ஏன்? சீக்கிரம் காயும், வேலை வேகமா நடக்கும். 137 பேர் பாதிக்கப்பட்டதா ஆப்பிளே 2011-ல வெளியிட்ட அறிக்கையில ஒத்துக்கிட்டாங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயும் 2006-ல நோக்கியா வந்ததுலேர்ந்து செல்போன் செய்யுறாங்க. இங்கயும் அப்படி நடந்துச்சுன்னு நான் சொல்லலை. காரணத்தை மட்டும் கவனிங்க. சில நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய் ஆளுங்க நரம்பு போச்சு.

"பசை சுத்தமாப் போகலைன்னா டயர் கழண்டு நாங்க விழுந்து சாகணுமா?"

இது நியாயமான கேள்வி. டியூபுலர் ரிம்மை விட்டுக் கழண்டா என்ன ஆகும்னு 2003 ஜூலை 14-ம் தேதி டி.வி. பாத்தவங்களுக்குத் தெரியும். டூர் டி பிரான்ஸ்ல கேப்புங்கிற ஊருக்கு இறங்குற மலைப்பாதை. வெயில்ல தார் உருகிக் கிடந்துச்சு. ஒட்டுமொத்தத்துல ரெண்டாவது இடத்துல இருந்த ஹோசெபா பெலோகி பிரேக் அழுத்துறார், பின் சக்கரம் வழுக்குது, டயர் ரிம்மை விட்டு வெளிய வருது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உடைஞ்சுது. பின்னாடி வந்த ஆர்ம்ஸ்ட்ராங் வயக்காட்டுக்குள்ள இறங்கித் தப்பிச்சார். பெலோகி அதுக்கப்புறம் பழைய பெலோகியா வரவே இல்லை. அங்க பழைய பசைதான் காரணம்னு நான் சொல்ல வரலை. டயர் கழண்டா விளைவு இதுதான்னு ஒத்துக்கிறேன்.

ஆனா சுத்தம்னா என்ன? இங்கதான் நம்மாளுங்க குழப்பிக்கிறாங்க. புதுப் பசை பிடிக்கத் தேவையானது மேடு பள்ளம் இல்லாத, உதிராத, எண்ணெய் இல்லாத பரப்பு. கண்ணாடி மாதிரி பளபளப்பு தேவையே இல்லை. கெட்டியா, சமமா, மெல்லிசா ஒட்டிக்கிட்டு நிக்கிற பழைய பசை மேல, அதே வகைப் பசையைத் தடவி ஒட்டுறது அனுபவசாலி மெக்கானிக்குங்க காலங்காலமாப் பண்றதுதான். கட்டி கட்டியா நிக்கிறது, பொருக்கு மாதிரி உதிர்றது, என்ன பசைன்னே தெரியாதது, பஞ்சர் அடைக்கிற திரவம் கலந்தது... இதைத்தான் எடுத்தாகணும்.

இன்னொரு விஷயம். பெட்ரோல் ஊத்தினா பசை போகும்கிறதே பாதி பொய். புதுப் பசை கரையும். வருஷக்கணக்கா வெயிலும் காத்தும் பட்டு இறுகின பசை கரையாது, ஊறி உப்பும். உப்பினதைத் தேய்ச்சா கொழகொழன்னு ரிம்மு பூரா பரவும். பிரேக் கட்டை உராயுற பக்கமெல்லாம் ஏறும். ஸ்போக்ஸ் கம்பி ஓட்டை வழியா உள்ள இறங்கி, அடுத்த வாரம் வெயில்ல கசிஞ்சு வெளிய வரும். பெட்ரோல்ல சேக்குற மத்த சரக்கெல்லாம் படலமாத் தங்கிப் புதுப் பசையோட பிடிப்பைக் கெடுக்கும். ஆக, உயிர் பயத்துல ஊத்துற பெட்ரோலே உயிருக்கு உலை வைக்கும்!

சரி, குறை மட்டும் சொல்லிட்டு ஓடினா நீங்க விடமாட்டீங்க. எப்படித்தான் எடுக்குறது?

1. முதல்ல வெயில். அலுமினிய ரிம்மை மத்தியான வெயில்ல காய வைங்க. நம்ம ஊருல இதுக்குப் பஞ்சமா? கைல தொட்டா சுடுற அளவுக்கு வந்ததும் பசை இளகும். வெயில் பத்தலைன்னா தலைமுடி காய வைக்கிற டிரையர் போதும்.

2. சுரண்டல். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேணாம், ரிம்முல கீறல் விழும். மூங்கில் சீவல், கொட்டாங்குச்சித் துண்டு, காலாவதியான ஏ.டி.எம். கார்டு. பொருக்குத் தட்டினது இதுக்கே வந்துடும்.

3. உருட்டல். ஒட்டும் பதத்துல இருக்குறதைக் கட்டை விரலால அழுத்தி உருட்டுங்க. சப்பாத்தி மாவு மாதிரி திரண்டு வரும். திரண்ட உருண்டையையே அழிரப்பர் மாதிரி மத்த இடத்துல ஒத்தி ஒத்தி எடுத்தா பசை பசையை இழுத்துக்கிட்டு வரும். அலுப்புப் பிடிச்ச வேலைதான். எஃப்.எம். போட்டு விடுங்க.

4. உப்புத்தாள். மிச்சம் இருக்குற மேட்டைச் சமப்படுத்த அலுமினிய ரிம்முக்கு மட்டும், லேசா.

5. கடைசியா, தேவைன்னா மட்டும், அசிட்டோன். துணியில கொஞ்சமா நனைச்சு, வெட்ட வெளியில வெச்சு, ஒரே இடத்துல ஊற விடாம துடைக்கணும். நீலக் கலர்ல வர்ற மெல்லிசு நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது, சீக்கிரம் விட்டுடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும். அசிட்டோனும் சட்டுன்னு தீப்பிடிக்கும். பக்கத்துல பீடி, ஹீட் கன், வெல்டிங் எதுவும் கூடாது. பெட்ரோலா இருந்தா கேக்கவே வேணாம், மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சரக்கு அது.

கார்பன் ரிம்மா? முதல் ரெண்டு மூணு படியோட நிறுத்திக்கங்க. ஹீட் கன் காட்டினா கார்பன் இழையைப் பிடிச்சு வெச்சிருக்குற ரெசின் இளகிடும். பெயிண்ட் உரிக்கிற திரவத்தை ஊத்தினா ரெசினையே தின்னுடும். அந்தத் திரவங்கள்ல பலதுல இருக்குற மெத்திலீன் குளோரைடை வீட்டு உபயோகத்துக்கு விக்கவே கூடாதுன்னு அமெரிக்காவுல 2024-ல விதி போட்டாச்சு. நம்ம ஊருல ஹார்டுவேர் கடையில "ரிமூவர்"னு கேட்டா சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுப்பாங்க.

இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? பொறுமையா செஞ்சா ஒரு சக்கரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் போயிடும். இதைச் சொன்னதும் வர்ற கடைசி பதில்தான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

"யாருக்குங்க அவ்வளவு நேரம் இருக்கு? அவனுக்கும் பொழப்பு ஓடணும்ல?"

பையன் மேல கரிசனமாம்! அவனோட பொழப்பு ஓடணும்னா ஒரு மணி நேரக் காசைக் கொடுத்துட்டு மூணு மணி நேர வேலையைப் பெட்ரோலை வெச்சு முடிக்கச் சொல்லாதீங்க. மூணு மணி நேரக் காசைக் கொடுங்க. செகண்ட் ஹேண்டு கார்பன் சக்கரத்துக்கு முப்பதாயிரம் எண்ணி வெச்சவர் பசை எடுக்குற கூலி இருநூறுன்னா பேரம் பேசுறாரு. ஏன்னா, ரிம்மு நம்ம சொத்து. கை அவனோடது. எளிய கணக்கு.

அந்தக் கடைக்காரர் மேலயும் எனக்குக் கோபம் இல்லைங்க. வாடகை, கரண்ட் பில்லு, போலீஸு மாமூலுன்னு அவர் பாடு அவருக்கு. மெதுவாச் செஞ்சா பக்கத்துக் கடைக்குப் போயிடுவோம்னு அவருக்குத் தெரியும். நாம போவோம் இல்லையா? அவசரம் நம்மகிட்டேர்ந்து கிளம்பி, பாட்டில்ல பெட்ரோலா மாறி, அந்தப் பையன் விரல் இடுக்குல போய் முடியுது. அவனுக்கு விரல் வெடிச்சு, தோல் வெளுத்து, ராத்திரி தலைவலின்னு மாத்திரை போட்டுக்கிட்டுப் படுக்குறது நம்ம ஞாயித்துக்கிழமை போட்டோவுல வராது. போட்டோவுல ரிம்மு மட்டும் ஜொலிக்கும்.

அதனால நம்ம கூட்டத்துக்கு மூணே கோரிக்கை. ஒண்ணு, பழைய பசையை நீங்களே வீட்டு மொட்டை மாடியில எடுங்க. அந்தச் சக்கரத்துல உயிரை வெச்சு இறங்கப் போறது நீங்கதான். ரெண்டு, கடையில கொடுத்தா, "பெட்ரோல், தின்னர் வேணாம், ரெண்டு நாள் ஆகட்டும், கூலி சேத்து வாங்கிக்கங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. மூணு, யாராவது "பெட்ரோல் ஊத்துங்க பாஸ்"னு யோசனை சொன்னா, யாரோட கையில ஊத்துறதுன்னு திருப்பிக் கேளுங்க.

டயரை ஒட்டி முடிச்சு, பசை காஞ்சதும், காத்தை இறக்கிட்டு ரெண்டு கட்டை விரலால டயரைப் பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. எங்கயாவது விளிம்பு தூக்கினா அந்தச் சக்கரத்துல ஏறாதீங்க, மறுபடி ஒட்டுங்க. இந்தச் சோதனையில ரிம்மு எவ்வளவு பளபளப்பா இருந்துச்சுங்கிற கேள்விக்கு இடமே கிடையாது.

டிஸ்கி 1: டியூபுலரே இல்லாதவங்களுக்கும் இந்தப் பதிவு பொருந்தும். பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் டப்பாவுலயும் பெட்ரோலியக் கரைப்பான்தான் இருக்கு. அடுத்த தடவை பஞ்சர் போட உக்காரும்போது பையன் டப்பாவை மூடி வெச்சிருக்கானான்னு பாருங்க. திறந்து கிடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.

டிஸ்கி 2: "நீ என்ன பெரிய உத்தமனா"ன்னு கேக்கப் போற அனானி நண்பருக்கு: நான் உத்தமன் இல்லைன்னே வெச்சுக்குவோம். பென்சீன் அப்பவும் பென்சீன்தான் :-)